ஞானவேலின் ஐந்து வருடங்கள்

கனடாவின் மார்க்கம் நகரிலிருந்து அருளம்பலம் தொலைபேசி எடுத்துச் சாதகக் குறிப்புக் கேட்டது 1997ஆம் ஆண்டு யூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் ஒருவரும் ஓரிடத்தில் நிலையாக இருக்கவில்லை.

அருளம்பலம் நீர்ப்பாசன இலாகாவில் பொறியியலாளராக இருந்தவர். அவருடைய மகள் சாம்பவியை என் தம்பி ஞானவேலுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். பெண் மருந்துக்கடையொன்றில் பார்மசிஸ்ட். நல்ல குடும்பம். எங்கள் குடும்பமும் அதற்குக் குறைந்ததல்ல. நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், இருபத்துமூன்று வருடம் வேலை செய்தவன். கடைசி ஆறு வருடம் தலைமை எழுதுவினைஞன். என் கையெழுத்தை ஒருவரும் சந்தேகித்தது கிடையாது. ஞானவேல் அம்மாவின் கடைசிப் பிள்ளை. எனக்கும் அவனுக்கும் இருபத்துமூன்று வயது வித்தியாசம். ஐயா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது. எனக்கும் மனைவி குணவதிக்கும் பிள்ளைகள் இல்லை. அவனை வளர்த்தது நாங்கள்தான்.

குறிப்புக் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. ஊரில் எழுதிய சாதகத்தின்படி அவன் பிறந்தது 1963 ஆவணி. கனடாப் பத்திரங்களின்படி 1968 ஆவணி. நாளும் மாதமும் சரி. வருடத்தை மாற்றியவன் நான்.

1985இல் நான் கனடாவில் இருந்தேன்; அவன் இராணுவத்துக்குப் பயந்து கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளிந்திருந்தான். இருபத்திரண்டு வயது இளைஞனை என்னிடம் கூப்பிட்டுக்கொள்ள வழி இருக்கவில்லை; பதினேழு வயதுப் பிள்ளையைக் கூப்பிட வழி இருந்தது. பிறப்பத்தாட்சிப் பத்திரம் எரிந்துபோயிற்று என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தேன். திகதி திருத்திய பத்திரங்களோடு கச்சேரிக்கு வந்தவர்களை எத்தனையோ தரம் எழுப்பி அனுப்பியவன், தெரிந்துகொண்டே அதை எழுதினேன். உயிரோடு வந்து சேர்ந்தான். அந்தக் கையெழுத்துக்காக நான் வெட்கப்படவில்லை.

வந்தவன் ஸ்கார்பரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பில் சேர்ந்தான். ஒரு நாளைக்கு இரண்டு தரம் சவரம் செய்துகொண்டு போய், பதினாறு வயதுப் பிள்ளைகளோடு குந்தியிருந்தான். ஊரில் கல்லூரி அணிக்கு வேகப்பந்து வீசியவன். இங்கே உடற்பயிற்சி ஆசிரியர் அவன் கையில் பேஸ்பால் பந்தைக் கொடுத்தபோது, "கையை மடக்கலாமோ சேர்?" என்று கேட்டானாம். கிரிக்கெட்டில் கை மடங்கினால் குற்றம். தாராளமாக மடக்கலாம் என்று அவர் சொன்னதும் அவன் எறிந்த பந்து, பிடிக்க நின்ற பையனின் கையுறையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

அது 86. அடுத்த கோடையில், இருபது வயதுக்கு உட்பட்டோர் போட்டியில், அமெரிக்கக் கழகமொன்றிலிருந்து ஆள் பிடிக்கிறவர் ஒருவர் வந்தார். அதே அணியில் பந்து எறியும் இரண்டு பேரைப் பார்த்தார். ஒருவன் டக்ளஸ் என்ற உள்ளூர்ப் பையன், வயது பத்தொன்பது. மற்றவன் ஞானவேல், வயது பதினெட்டு. ஞானவேலைக் கொண்டுபோனார்.

ஐந்து வருடம் அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில் சம்பளத்துக்கு விளையாடினான். பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே வரைக்கும் போனான். எந்த நேரமும் பஸ்தான். ஓகையோவில் இருந்து பேசுவான், அடுத்த கிழமை கரோலைனாவில் இருந்து பேசுவான். 91இல் தோள் போயிற்று. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இருபத்துமூன்று வயதில் இப்படித் தேய்ந்த தோளைத் தான் கண்டதில்லை என்றாராம். அதைத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

திரும்பி வந்து, பயிற்சியாளனாகச் சேர்ந்து, 95இல் ஸ்கார்பரோ அணியொன்றின் மனேஜர் ஆனான். ஒன்ராறியோவில், சம்பளம் கொடுத்து ஆட்டக்காரரை வைத்திருக்கும் லீக் அது. தமிழ் வாரப் பத்திரிகை படம் போட்டு, 'இருபத்தேழு வயதில் மனேஜரான முதல் தமிழர்' என்று எழுதியது. நான் அதை வெட்டி வைத்திருந்தேன். அருளம்பலமும் வெட்டி வைத்திருக்கிறார் என்று அவர் வாயாலேயே அறிந்தேன்.

வியாழக்கிழமை ஞானவேல் வீட்டுக்கு வந்தான். குசினிக்கும் பல்கனிக்கும் இடையில் நடந்துகொண்டே பேசினான்.

"தம்பி, இருந்து தேத்தண்ணியைக் குடியும்," என்றாள் குணவதி.

"இருக்கேலாது மச்சாள். அண்ணை, உள்ள குறிப்பையே குடுங்கோ."

"குடுத்தா? அந்த மனுசன் எஞ்சினியர். தொண்ணூத்தஞ்சில பேப்பரில இருபத்தேழு, குறிப்பின்படி அண்டைக்கு முப்பத்திரண்டு எண்டா, எது பொய் எண்டு கேக்கமாட்டாரோ?"

"கேக்கட்டும். சொல்லுவம்."

"சொல்லிப்போட்டு? ஒரு கிழமையில மார்க்கத்தில இருந்து அஜக்ஸ் வரைக்கும் கதை போயிடும். பிறகு உன்ர லீக்குக்குப் போகும். வயசை மறைச்சு விளையாடினவன் எண்டு உன்னைக் கலைப்பாங்கள். முதல் தமிழர் எண்டு எழுதினவன் அதையும் எழுதுவான், படத்தோட."

அவன் பல்கனிக் கதவைத் திறந்தான், மூடினான். "அதுக்குப் பயமில்லை. எனக்கு டக்ளஸுக்குச் சொல்லோணும்."

டக்ளஸ் இப்போது அவனுடைய அணியில் துணைப் பயிற்சியாளன். பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான்.

"ஒவ்வொரு மச்சிலயும் ஆட்டம் முடியுமட்டும் எனக்குப் பக்கத்தில இருக்கிறான், அண்ணை. சூரியகாந்தி விதையை ஒரு பையில போட்டு ரெண்டு பேரும் திண்டு துப்புறம். அண்டைக்கு அவனுக்குப் பத்தொன்பது. எனக்கு இருபத்திமூண்டு. வளந்த ஆம்பிளை நான் ஒரு பெடியனோட போட்டி போட்டு அவன்ர இடத்தை எடுத்தனான். அவனுக்கு அது தெரியாது. என்னில பாசமா இருக்கிறான். அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு."

"நான் உயிரோட இருக்குமட்டும் இந்தக் கதை இந்த வாசல் தாண்டாது," என்றேன். அவன் தேநீரைக் குடிக்காமலே போனான்.

சனிக்கிழமை நான் எக்ளின்ரன் வீதியில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்த சாத்திரியாரிடம் போனேன். 1968 ஆவணிக்கு ஒரு சாதகம் கணிக்கச் சொன்னேன். நேரத்தை மாற்றவில்லை; அதிகாலை நாலு பத்து. அவர் கட்டங்களை நிரப்பிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"உங்கட தம்பியைப் பேப்பரில பாத்தனான். நல்ல வாட்டசாட்டமான ஆள். உது, கட்டையா, இருந்த இடத்தில இருந்து கணக்கெழுதுற ஒருத்தற்ற சாதகம் மாதிரிக் கிடக்கு."

"நீங்கள் எழுதித் தாங்கோ," என்றேன்.

சாம்பவியின் குறிப்போடு அது பத்துக்கு எட்டுப் பொருந்தியது. உண்மையான சாதகத்தைக் குணவதி எனக்குச் சொல்லாமல் வேறொருவரிடம் காட்டியிருந்தாள்; அதற்கு நாலரைதான். அவள் புதிய குறிப்பைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"பிறவாத பிள்ளைக்கும் அந்தப் பெட்டைக்கும் நல்ல பொருத்தம்," என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை நான் அதைத் தபாலில் சேர்த்தேன்.

யூலை முதல் கிழமையில் அருளம்பலம் மீண்டும் பேசினார். பொருத்தம் திருப்தி, மாப்பிள்ளை வேலை செய்கிற இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு ஆட்டம். நான் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டிக்கொண்டு போனேன். வெயில் பலகை ஆசனங்களைச் சுட்டது. அந்த மைதானத்துக்கு நான் வந்தது அதுதான் இரண்டாவது தரம். விளையாட்டை இருந்து பார்க்கும் பழக்கம் எனக்கில்லை. அவன் பதவியில் இருந்தால் எனக்குப் போதும்.

அருளம்பலமும் மனைவி பாலேஸ்வரியும் வந்தார்கள். சாம்பவி கார் ஓட்டி வந்தாள். வந்தவள் ஆசனத்தில் இருக்க முன்னமே புள்ளிப் பலகையைப் பார்த்துவிட்டாள்.

"மனேஜர் எண்டு சொன்னீங்கள்," என்றார் பாலேஸ்வரி. "உவரும் பெடியளோட முழங்கால் காற்சட்டையும் கால்மேசும் போட்டுக்கொண்டெல்லோ நிக்கிறார்?"

"இஞ்ச மனேஜரும் சீருடை போடோணும். அது விதி," என்றேன். அந்த ஒரு விதிதான் எனக்குத் தெரிந்திருந்தது.

"எங்கட டிப்பார்ட்மெண்டில டிரெக்டரும் மண்வெட்டி தூக்கோணும் எண்ட மாதிரி," என்று அருளம்பலம் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

ஐந்தாவது சுற்றில் எங்கள் அணிக்காரன் ஒருவன் ஓட்டம் எடுக்க ஓடிவந்து, நிலத்தில் பதித்திருந்த கடைசித் தட்டில் சறுக்கி விழுந்தான். அம்பயர் அவுட் என்றார். அவன் துள்ளி எழுந்து, தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்து, அம்பயரின் முகத்துக்கு நேரே போய்க் கத்தினான். ஞானவேல் ஆசனத்திலிருந்து பாய்ந்து ஓடினான். அவனைப் பின்னால் தள்ளிவிட்டு, இடையில் புகுந்து, இப்போது தானே கத்தத் தொடங்கினான். என் தம்பி அப்படிக் கத்தி நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. காலால் மண்ணை உதைத்தான். மண் அம்பயரின் சப்பாத்தை மூடியது. அம்பயர் கையை வீசி வாசலைக் காட்டினார். சனம் எழுந்து கைதட்டியது. ஞானவேல் தலையைக் குனிந்துகொண்டு மைதானத்தை விட்டு நடந்தான்.

"என்ன, வேலையால நிப்பாட்டிப் போட்டாங்களோ?" என்றார் அருளம்பலம்.

"ஐயோ! எங்கட கண்ணுக்கு முன்னாலயே!" என்றார் பாலேஸ்வரி. "இந்தச் சனம் வேற கைதட்டுது!"

"இல்லையம்மா, அது சும்மா. It's part of the game," என்று சாம்பவி சொன்னது என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவனைக்கூட ஒருவரும் வேலையை விட்டுத் துரத்தியது கிடையாது. அதுவும் ஆயிரம் பேர் பார்க்க. நான் படிகளில் இறங்கினேன்.

கார் நிறுத்தும் இடத்தில் ஞானவேல் தன்னுடைய காரின் பின்கதவைத் திறந்துவிட்டு அதில் இருந்தான். வேலிக் கம்பிக்குள்ளால் ஆட்டத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னத்துக்கடா அப்பிடிக் கத்தினனி? வேலை போச்சுதெல்லோ?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். ஒரு மாதமாக அவன் சிரித்து நான் காணவில்லை.

"ஆர் சொன்னது? இண்டைக்கு மச்சுக்கு மட்டும்தான் அண்ணை வெளிய. செவ்வாய்க்கிழமை நிப்பன். நான் வேணுமெண்டுதான் கத்தினனான்."

"வேணுமெண்டோ?"

"நான் போய்க் கத்தாட்டி அவனையெல்லோ வெளிய விட்டிருப்பாங்கள். அவன் இல்லாட்டி மச் போச்சு. நான் இல்லாட்டி டக்ளஸ் பாப்பான்."

"பிழை விட்டது அவன்."

"அவன்தான். அதுக்கென்ன? அவனை ஓடச்சொல்லிக் கை காட்டினது நான். எல்லா மனேஜரும் செய்யிறதுதான் அண்ணை. சம்பளத்தில கொஞ்சம் வெட்டுவாங்கள், அவ்வளவுதான்."

உள்ளே ஆரவாரம் கேட்டது. அவன் எழுந்து வேலியைப் பிடித்துப் பார்த்தான். திரும்பி வந்தான். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தான்.

"குறிப்புக் குடுத்தாச்சோ?"

"ஓம்."

"எது?"

நான் ரையைத் தளர்த்தினேன். அவன் மீண்டும் காரைச் சுற்றினான்.

"அங்க பாருங்கோ, டக்ளஸ் என்ன வடிவாச் செய்யிறான் எண்டு. பந்து எறியிறவனை, அடிக்கிற ஒரு ஆளுக்கு முந்தியே மாத்திப் போட்டான். நான் எண்டாப் பிந்தியிருப்பன். அண்ணை, நீங்கள் பேசினாலும் சரி, இண்டைக்கு மச் முடிய நான் அவனுக்குச் சொல்லத்தான் போறன்."

"நீ சொல்லக் கூடாது."

"அண்ணை..."

"அது நீ எழுதின திகதி இல்லை, நான் எழுதினது," என்றேன். "நீ இதில நில்."

நான் ரையைச் சரி செய்துகொண்டு திரும்பிப் படியேறினேன். அருளம்பலத்துக்கு முன்னால் நின்றபடியே சொன்னேன். தம்பி பிறந்தது அறுபத்துமூன்று. அவனைக் கூப்பிடுவதற்காக அறுபத்தெட்டு என்று எழுதியது நான். அந்த வயதை வைத்துத்தான் அமெரிக்கா போனான். உங்களுக்கு வந்த குறிப்பும் அந்த வயதுக்கு நான் கணிப்பித்தது. அவன் உள்ளதைக் கொடுக்கச் சொன்னவன். இதில் அவனுக்குப் பங்கில்லை.

அருளம்பலத்துக்கு முதல் பாதி ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. "இமிகிரேசனுக்கு வயசைக் கூட்டிக் குறைக்காத வீடு இஞ்ச எத்தினை கிடக்கு? அதை நான் கேக்கேல்லை," என்றார். பிறகு அவருடைய குரல் மாறியது. "சாதகத்தையோ மாத்தினனீங்கள்?"

"ஓம்."

"என்ர பிள்ளையின்ர தாலிக்கு வச்சுப் பாக்கிற குறிப்பையோ?"

"ஓம்."

"ஒரு குமர்ப்பிள்ளையின்ர பாவம்," என்றார் பாலேஸ்வரி. தன் கைப்பையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னது சரி. ஒரு நாட்டின் பத்திரத்தில் எழுதியதற்கு எனக்குக் காரணம் இருந்தது. இதற்கு இருந்தது பயம் மாத்திரம்.

"எழும்புங்கோ," என்றார் அருளம்பலம்.

"அப்பா, இந்த இனிங்ஸ் முடியட்டும்," என்றாள் சாம்பவி.

"எழும்பெண்டு சொல்லுறன்!"

எழுந்தாள். என்னைக் கடந்து போகும்போது தாயும் தகப்பனும் இரண்டு படி கீழே போகும்வரை தாமதித்தாள். "அங்கிள், உண்மையானதையும் ஒருக்கா அனுப்புங்கோ. கடை அட்ரசுக்கு," என்றாள். நாலரைதான் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆட்டத்தில் எங்கள் அணி வென்றது. சனம் கலைந்த பிறகு மைதானத்துக்குள் இறங்கினேன். டக்ளஸ் பந்துகளைப் பொறுக்கி ஒரு வாளிக்குள் போட்டுக்கொண்டிருந்தான். நெற்றி ஏறிய, பருத்த மனிதன். என்னைக் கண்டதும் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினான். கையைப் பிடிக்க முன்னர் சொல்லவேண்டியதைச் சொல்ல விரும்பினேன். கச்சேரியில் பழகிய ஆங்கிலத்தில், கடிதம் வாசிப்பதுபோலச் சொன்னேன்.

நீட்டிய கை மெதுவாக இறங்கியது.

"எத்தனை வருடம்?" என்று கேட்டான்.

"ஐந்து."

"அப்படியென்றால் அன்றைக்கு அவனுக்கு வயது..."

"இருபத்துமூன்று."

அவன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தான். பொறுக்கிய பந்துகள் எல்லாம் உருண்டு போயின. வேலிக்கு அப்பால் ஞானவேல் நிற்பது தெரிந்தது. ஓரிடத்தில் நிற்கமாட்டாமல் வேலியோரமாகப் போவதும் வருவதுமாக இருந்தான்.

"ஆள் பிடிக்க வந்த அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தார்," என்றான் டக்ளஸ். "என் அம்மாவிடம் சொன்னார், உங்கள் மகன் நன்றாகத்தான் எறிகிறான், ஆனால் மற்றவனுக்கு இன்னும் வளரக் கிடக்கிறது என்று. நான் அதற்குப் பிறகு இரண்டு வருடம் வளர்ந்து காட்டலாம் என்று பார்த்தேன்." அவன் சிரிக்க முயன்றான், முடியவில்லை. "ஏன் இப்போது சொல்கிறீர்கள்?"

"அவன் சொல்லப் போகிறான் என்றான். சொல்லவேண்டியவன் அவனல்ல."

"நீங்களுமல்ல," என்றான் டக்ளஸ். "பத்து வருடமாக எனக்குச் சிநேகிதன் அவன்."

ஒரே நாளில் இரண்டு பேர் என்னைச் சரியாகக் கண்டித்தார்கள். நான் குனிந்து பந்துகளைப் பொறுக்கத் தொடங்கினேன். கோட்டு முதுகில் இறுகியது. அவன் என்னைத் தடுக்கவுமில்லை, உதவவுமில்லை. கடைசியில் எழுந்து, வாளியை நிமிர்த்தி என் முன்னால் வைத்துவிட்டு, ஞானவேல் நின்ற பக்கத்தைப் பார்க்காமல் மற்றப் படலையால் வெளியே போனான்.

அன்று பின்னேரமே லீக் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். உண்மையான பிறந்த திகதி, நான் முடித்த சத்தியக்கடதாசி, எல்லாவற்றையும் இலக்கமிட்டு எழுதி, முழுப்பெயரில் கையொப்பம் வைத்தேன். மன்னிப்பு என்ற சொல்லை ஒரே ஒரு இடத்தில் எழுதினேன்; டக்ளஸின் பெயர் வந்த இடத்தில். குடிவரவுத் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி வைத்தேன்.

"உங்களையும் பிடிச்சுக்கொண்டு போனா?" என்று குணவதி கேட்டாள்.

"போனாப் போறன்."

"போங்கோ. அங்கயும் ஆரின்ர திகதியையும் திருத்தாமல் இருந்தாச் சரி," என்றாள். ஆனாலும் முத்திரையை அவள்தான் ஒட்டினாள்.

லீக்கிலிருந்து வந்த பதில் இரண்டே வரி. விசாரணை முடியும்வரை ஞானவேல் பதவியில் இருக்க முடியாது. டக்ளஸ் பொறுப்பில் இருப்பார். குடிவரவிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. தபால்காரன் பதினொரு மணிக்கு வருகிறான். நான் பத்தரைக்கே கீழே இறங்கிவிடுகிறேன். சாம்பவிக்கு உண்மையான குறிப்பை அனுப்பினேன், நாலரை என்றும் எழுதி. அவளும் இன்னும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு ஞானவேல் சீருடை இல்லாமல், சாதாரணச் சேட்டோடு எனக்குப் பக்கத்தில் ஆசனத்தில் இருந்தான். டக்ளஸ் அவனோடு ஏழு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே தனியாக இருந்து விதை தின்றுகொண்டிருந்தான். ஏழாவது சுற்றில் எங்கள் பந்து எறிகிறவன் களைத்துப் போனான். எனக்கே அது தெரிந்தது.

"மாத்து," என்று முணுமுணுத்தான் ஞானவேல். அவனுடைய கால் பலகையை அதிரவைத்துக்கொண்டிருந்தது. "மாத்தடா, டக். இப்ப மாத்து."

டக்ளஸ் அசையவில்லை. ஞானவேல் எழுந்தான்.

"இரு, தம்பி," என்றேன்.

இருந்தான். மீண்டும் எழுந்தான். அடுத்த பந்து அடிபட்டுப் போயிற்று, எதிரணியில் ஒருவன் ஓடினான், இன்னொருவன் ஓடினான். டக்ளஸ் ஆசனத்திலிருந்து வெளியே வந்து ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு நின்றான். பந்து எறிகிறவனை மாற்றப் போகிறானா இல்லையா என்று விளங்கவில்லை. நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கு நினைவில்லை. பின்னால் இருந்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். நாங்கள் உட்காரவில்லை.